சுவருக்குத் தெற்கே, நான்காவது சந்து

சாட்சியா எதிரியா என்பது பின்னர் முடிவு செய்யப்படும் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்ட நிலையில், காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்பாக முற்பகல் பதினொன்றே காலுக்கு நான் சொல்ல, நிலைய எழுத்தர் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என்னை எல்லோரும் டேப் அக்கா என்று அழைப்பார்கள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் வந்த பெயர். பிறப்பில் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதை எழுத்தர் பார்த்துக்கொண்டார். வயது 41. தொழில் தையல். முகவரி கேட்டபோது, சுவருக்குத் தெற்கே, நான்காவது சந்து, கடைசி வீடு என்று சொன்னேன். எழுத்தர் பேனாவை நிறுத்தி, “சார், சுவர்னு எழுதலாமா?” என்று உதவி ஆய்வாளரைக் கேட்டார். அப்படி ஒரு சுவர் உண்டா இல்லையா என்பதிலேயே தகராறு இருப்பதால் இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைக்கும்படி அவர் சொன்னார். அதன்படி என் முகவரி பென்சிலில் இருக்கிறது. மற்றவை பேனாவில்.

நானும் என் கணவரும் அவருடைய தங்கையும் மேற்படி வீட்டில் வசிக்கிறோம். கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறார். என் நாத்தனார் இருசக்கர வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். பக்கத்து வீட்டில் என் தங்கை இருக்கிறாள். அவள் மகளுக்குப் பதினொரு வயது. தங்கை வேலைக்குப் போகும் நேரத்தில் அந்தப் பெண் என் தையல் அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அவள் ஏன் பள்ளியில் இல்லாமல் ஜன்னலோரம் இருந்தாள் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் குடியிருப்பில் 212 வீடுகள் உள்ளன. எங்களுக்கு வடக்கே மாடி வீடுகள் உள்ள நகர் இருக்கிறது. அந்த நகருக்குள் அரசுப் பள்ளி இருக்கிறது. நான்காவது சந்து ஒரு காலத்தில் தெருவாக இருந்து நேராகப் பள்ளிக்குப் போனது. ஆறு வருடங்களுக்கு முன் வடக்கு நகரின் குடியிருப்போர் சங்கத்தார் பாதுகாப்பு கருதி அதன் குறுக்கே, இரு பக்கத்தையும் சேர்த்து அடைத்து, சுவர் எழுப்பினார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நாங்களும் நாகரிகம் கருதிக் கேட்கவில்லை. அதன்பின் தெரு சந்தாகிவிட்டது. அகலம் குறையவில்லை, போய்ச் சேர இடமில்லாததால் தகுதி குறைந்துவிட்டது.

சுவரைக் கட்டியவர் எங்கள் மூன்றாவது சந்துக் கொத்தனார். அதை அவர் மறைத்ததில்லை. சுவருக்கு அஸ்திவாரம் கிடையாது என்பதை அவர் சொல்லித்தான் அறிவேன். அஸ்திவாரம் தோண்டினால் நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும், தோண்டாவிட்டால் அது தற்காலிக ஏற்பாடு என்று சங்கத்துச் செயலாளர் அவரிடம் சொன்னாராம். “ஒத்தைக் கல்லு வரிசை, நாலரை அங்குலம். பலமா தும்மினா ஆடும்” என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். ஆறு வருடமாக அந்தப் பக்கம் யாரும் பலமாகத் தும்மவில்லை.

சுவர் வந்தபின் எங்கள் பிள்ளைகள் கிழக்கே போய், பெரிய சாலையைக் கடந்து, பாலத்தடியில் திரும்பி, மறுபடியும் பெரிய சாலையைக் கடந்து வடக்கு நகரின் முன்வாசல் வழியாகப் பள்ளிக்குப் போனார்கள். எட்டு மாதங்களுக்கு முன் இரண்டாவது தடவை சாலையைக் கடக்கும்போது என் தங்கை மகளை ஒரு வேன் தட்டிவிட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கால் கூடிவிட்டது, ஆனால் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அவ்வளவு தூரம் கைத்தடியோடு நடக்க முடியாததால் பள்ளிக்குப் போவது நின்றது. ஆனால் பள்ளியின் மணி மட்டும் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அவள் கையிலிருக்கும் நோட்டை வைத்துவிட்டு அடுத்த பாடத்தின் நோட்டை எடுப்பாள். மதிய மணி அடித்தால் சாப்பிடுவாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அதன்பின் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு தொடக்கப் பள்ளியும் நடுநிலை வகுப்புகளும் வேண்டும் என்று 212 வீட்டாரும் கையெழுத்திட்டு நகராட்சிக்கு மனு கொடுத்தோம். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதில், “மேற்படி காலியிடத்தில் வசிக்கும் 212 குடும்பத்தாருக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் பள்ளி இருப்பதால் கோரிக்கையை ஏற்பதற்கில்லை” என்று கண்டிருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன். கோபத்தால் அல்ல. காலியிடத்தில் எப்படிக் குடும்பங்கள் வசிக்கின்றன, அவற்றை எண்ணியும் விட்டு எப்படி அதைக் காலியிடம் என்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. இதைச் செய்தவர் எந்த மாதிரி ஆளாக இருப்பார் என்று பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. மறுவாரம் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

வரைபடப் பிரிவு இரண்டாம் மாடியில் கடைசி அறை. அங்கிருந்த அதிகாரி மரியாதையானவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் குடியிருப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்பச்சை நிறம் மட்டும் இருந்தது. பள்ளியின் மேல் ஒரு புள்ளியும், புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வட்டமும் இருந்தன.

“பாருங்கம்மா. வட்டத்துக்குள்ளதான் இருக்கீங்க. நூத்தி அறுபது மீட்டர். ஊர்லயே ஸ்கூலுக்கு இவ்ளோ பக்கத்துல யாருமே இல்ல. குடுத்து வெச்சவங்க நீங்க.”

“சார், நடுவுல ஒரு சுவர் இருக்கு.”

“படத்துல இல்லையேம்மா.”

“தரையில இருக்கு சார். அதைச் சுத்திக்கிட்டு எப்படி நடக்கறது?”

“நடக்கறது உங்க விஷயம். வட்டம் போடறது என் விஷயம். வட்டத்துக்குக் கால் கிடையாதும்மா.”

இதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அதன்பின் சுவர் ஏன் படத்தில் இல்லை என்று கேட்டேன். அனுமதி பெறாத கட்டுமானத்தைப் படத்தில் வரைந்தால் நகராட்சியே அதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், எனவே வரைவதில்லை என்றார். அனுமதி இல்லாத சுவரை இடிக்கலாமே என்று கேட்டேன். படத்தில் இல்லாததை இடிக்க எப்படி உத்தரவு போடுவது என்று அவர் கேட்டார். எங்கள் வீடுகளும் அதே காரணத்தால்தான் வரையப்படவில்லை என்றும் சொன்னார். அப்படியானால் எங்களைப் பிரிக்கிற சுவரும் நாங்களும் ஒரே இனமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, படத்தைப் பொறுத்தவரை ஆமாம் என்றார். அன்றுமுதல் எங்கள் சந்தில் அவருக்கு வட்டக்காரர் என்று பெயர். இதில் அவமரியாதை எதுவும் இல்லை.

அன்று மாலை என் நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னேன். பார்சல் வேலையில் அவள் நாள் முழுவதும் போனில் வரும் வழிப்படத்தைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டுகிறாள். நகராட்சி வைத்திருப்பது தனிப் படம் அல்ல, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொதுப் படம், அதை இலவசமாக எடுத்துத் தன் அலுவலகத்துக்கும் வண்டிகளுக்கும் பயன்படுத்துகிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“யார் வேணா வரையலாமா? நான் கூடவா?”

“நீங்க கூட அண்ணி. ஜாக்கெட்டுக்கு வெட்டுத் துணியில கோடு போடறீங்கல்ல, அதை விட லேசு. அதுல தப்பாப் போட்டா துணி போச்சு. இதுல தப்பாப் போட்டா யாராவது வந்து அழிச்சிடுவாங்க.”

“அழிச்சா?”

“யார் அழிச்சா, என்னிக்கு அழிச்சா, என்ன காரணம் சொன்னா, எல்லாம் அதுலயே இருக்கும். கோள் சொல்ற படம் அண்ணி இது.”

இது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் மனுக்கள் எங்கே போயின, யார் கிழித்தது என்று எந்த அலுவலகத்திலும் யாரும் சொன்னதில்லை. அதனால் நான் அன்றே அந்தப் படத்தை வரைபவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

அதன்பின் வந்த இரண்டு வாரங்களில் நாங்கள் செய்தது பின்வருமாறு. நடந்த வழி போனில் கோடாக விழுவதற்கு ஒரு செயலி உண்டு. அதைப் பன்னிரண்டு பேர் போனில் போட்டு, பள்ளி வாசல்வரை போய்வரச் சொன்னோம். முதல் முறை எல்லாம் பிசகியது. இஸ்திரி போடுபவரின் மனைவி பெரிய சாலை முனையில் பழைய வீட்டுக்காரரைப் பார்த்து இருபத்தைந்து நிமிடம் சண்டை போட்டதில், அங்கே கோடு நூல் சிக்கியது போல முடிச்சு முடிச்சாக விழுந்திருந்தது. ஓய்வு பெற்ற காவலாளி ஒருவர் ஒன்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்.

“என்ன மாமா, பறந்தீங்களா?” என்று நாத்தனார் கேட்டாள்.

“பஸ்ல போனேன். போயிட்டு வான்னுதானே சொன்னே, நடந்து போன்னு சொன்னியா?”

மற்றவர்களும் வழக்கத்தைவிட வேகமாக நடந்திருந்தார்கள். இது எனக்குத் தொழிலில் பழக்கமான விஷயம். அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றைச் சுருக்கிக்கொள்ளாத ஆளே கிடையாது; அந்த அளவை நம்பித் தைத்தால் இரண்டாம் நாள் பித்தான் தெறிக்கும். எனவே இரண்டாவது முறை பிள்ளைகளையே அனுப்பினோம். தினமும் தூக்கும் பையைத் தூக்கிக்கொண்டு, தம்பி தங்கைகளை இழுத்துக்கொண்டு, வழக்கம்போலப் போங்கள் என்று மட்டும் சொன்னோம். போனைப் பையின் அடியில் வைத்தோம். ஐந்து நாட்கள் போனார்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒரு வழிக்கு மூன்று கிலோமீட்டர் இருநூறு மீட்டர், ஐம்பத்திரண்டு நிமிடம், பெரிய சாலையை இரண்டு தடவை கடக்க வேண்டும். கடக்கும் இரண்டு இடத்திலும் கோடு சற்றுத் தடித்திருந்தது. பிள்ளைகள் நின்று காத்திருந்த இடம் அது.

அதை என் தங்கை மகளிடம் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “பெரியம்மா, சுவர் எவ்ளோ தடிமன்?” என்று கேட்டாள். நாலரை அங்குலம் என்றேன். “அப்போ மூணு கிலோமீட்டரும் அந்த நாலரை அங்குலம்தானா?” என்றாள். கணக்கு சரிதான்.

அதன்பின் 212 வீடுகளையும் சந்துகளையும் படத்தில் ஒவ்வொன்றாக வரைந்தோம். கடைசியாகச் சுவரை வரைந்தோம். இரண்டு முனையிலும் போனை வைத்து இடம் குறித்து, நடுவில் கோடு இழுத்து, வகை என்ற இடத்தில் ‘சுவர்’ என்றும், உயரம் ஆறடி என்றும் போட்டோம். “சுவர் இருந்தாத்தான் சித்திரம் எழுதலாம்னு சொல்லுவாங்க. நாம சுவரையே சித்திரமா எழுதறோம்” என்று நாத்தனார் சொன்னாள். அப்போதே வட்டக்காரருக்கு இரண்டாவது மனுவும், நடந்த தடங்களின் நகலும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

மூன்றாம் நாள் படத்தில் வீடுகளும் சந்துகளும் அப்படியே இருந்தன. சுவர் மட்டும் இல்லை. யார் அழித்தது என்று பார்த்தோம். நகராட்சி வரைபடப் பிரிவின் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டு, காரணம் என்ற இடத்தில் “கள ஆய்வின்படி மேற்படி இடத்தில் சுவர் ஏதும் இல்லை” என்று எழுதப்பட்டிருந்தது. கள ஆய்வுக்கு யாரும் வரவில்லை என்பதை என் தையல் மெஷினுக்கு எதிரில் அந்தச் சுவர் இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியும். நாங்கள் மறுபடி வரைந்தோம். அவர் மறுபடி அழித்தார். ஒன்பது நாளில் அந்தச் சுவர் நான்கு முறை கட்டப்பட்டு நான்கு முறை இடிக்கப்பட்டது, ஒரு செங்கல்கூட அசையாமல். நான்காவது முறைக்குப் பிறகு அந்த இடத்தை யாரும் திருத்த முடியாதபடி அவர் பூட்டிவிட்டார். இத்தனைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனிதர் இல்லாத ஒன்றை அழிக்க இவ்வளவு உழைப்பாரா என்று வியப்பாகத்தான் இருந்தது.

சம்பவம் நடந்தது கடந்த திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் எட்டு மணிக்கே புறப்பட்டுப் போயிருந்தார்கள். நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். தங்கை மகள் ஜன்னலோரம் இருந்தாள். அப்போது நகராட்சியின் குப்பை வண்டி எங்கள் சந்துக்குள் வந்தது. ஆறு வருடத்தில் குப்பை வண்டி எங்கள் பக்கம் வந்தது அதுவே முதல் தடவை என்பதால் வெளியே வந்து பார்த்தேன். வண்டி சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

“அண்ணே, முன்னாடி சுவர் இருக்கு.”

“தெரியுதும்மா. எனக்குக் கண்ணு இருக்கு. ஆனா எனக்கு ஆப்சென்ட் போடறது என் கண்ணு இல்ல, இதுதான்” என்று ஓட்டுநர் தன் எதிரில் இருந்த திரையைக் காட்டினார்.

அவர் சொன்னது இது. வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்பதை இப்போது திரைதான் சொல்கிறது. ஒவ்வொரு குப்பைத் தொட்டிக்கும் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. பத்து மீட்டர் கிட்டத்தில் போனால்தான் அது பச்சையாகும். ஒரு புள்ளி பச்சையாகாவிட்டாலும், காட்டிய வழியை விட்டு விலகினாலும், அன்று அவர் வேலைக்கு வரவில்லை என்று பதிவாகும். முந்தின வாரம்வரை வடக்கு நகரின் தொட்டிகளுக்கு முன்வாசல் வழியைக் காட்டியது. அன்று காலை முதல் எங்கள் சந்து வழியாகக் காட்டுகிறது. புள்ளி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாங்கள் வரைந்த சந்து திரையில் தெருவாக இருக்கிறது, அழிக்கப்பட்ட சுவர் இல்லை.

“இன்னும் ஒரு மீட்டர்னு சொல்லுதும்மா” என்றார். பிறகு வண்டியை மிக மெதுவாக, கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல முன்னால் நகர்த்தினார். வண்டியின் மூக்கு சுவரைத் தொட்டது. சத்தம் பெரிதாக இல்லை. ஒன்பதடி அகலத்துக்குச் சுவர் ஒரே பாளமாக வடக்குப் பக்கம் சாய்ந்து, பாய் விரித்ததுபோலப் படுத்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. யாருக்கும் காயம் இல்லை.

“பச்சை வந்துருச்சு” என்று ஓட்டுநர் சொன்னார்.

அப்போது ஒன்பது மணிக்குப் பள்ளியின் மணி அடித்தது. முதல் மணிக்குத் தங்கை மகள் தமிழ் நோட்டை எடுப்பது வழக்கம். அன்றும் எடுத்தாள். பிறகு அதைப் பையில் வைத்தாள். மற்ற நோட்டுகளையும் வைத்தாள். கைத்தடியை எடுத்துக்கொண்டு, விழுந்து கிடந்த சுவரின் மேல் ஏறி நடந்து போனாள். நான் பின்னால் போனேன். ஏழு நிமிடம் ஆயிற்று. வகுப்பு வாசலில் ஆசிரியை, “எங்கேர்ந்து வர்றே இவ்வளவு நாள் கழிச்சு?” என்று கேட்டார். “பக்கத்துலேர்ந்துதான் டீச்சர்” என்று அவள் சொன்னாள். அதன்பின் நான் திரும்பிவந்து காலரை முடித்தேன்.

அன்று பிற்பகல் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், நானும் நாத்தனாரும் குப்பை வண்டி ஓட்டுநரும் கூட்டுச் சதி செய்து சுவரை இடித்ததாக இந்த நிலையத்தில் புகார் கொடுத்ததாக அறிகிறேன். ஓட்டுநரை எனக்கு முன்பே பழக்கமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய சீருடைக் கால்சட்டையை இடுப்பில் ஒன்றரை அங்குலம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்குள் நடந்த சதி முழுவதும் இவ்வளவே.

வண்டியை வரவழைக்கத்தான் சுவரைப் படத்திலிருந்து அழித்தீர்களா என்று அடுத்துக் கேட்டார். நாங்கள் அழிக்கவில்லை, வரைந்தோம் என்று சொல்லி, நாத்தனாரின் போனில் யார் வரைந்தது யார் அழித்தது என்ற பட்டியலைக் காட்டினேன். அவர் போனை வாங்கி விரலால் நகர்த்தி நான்கு பதிவுகளையும் படித்தார். “ஆளு நல்லாத்தான் வேலை பார்த்திருக்காரு” என்றார். அதன்பின் அந்தப் படத்திலேயே காவலர் குடியிருப்பில் தன் வீட்டைத் தேடினார். அங்கே ஒரு பூங்கா இருந்தது. பிறகு, “இதை எப்படித் திருத்தறது?” என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். இது விசாரணையில் சேராது என்றார்; ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பே, சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம் எழுத வேண்டும் என்று உதவி ஆய்வாளர் நேற்று எங்கள் சந்துக்கு வந்தார். நிலையத்தின் ஐம்பதடி நாடா வேறொரு வழக்கில் சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் இருப்பதால் என் அளவு நாடாவைக் கேட்டார். அது அறுபது அங்குல நாடா. ஒரு முனையை நானும் மறுமுனையை எழுத்தரும் பிடித்துக்கொண்டு இருபத்தேழு தடவை வைத்து அளந்தோம். சுவரின் நீளம் 135 அடி. உயரம் ஆறடி. தடிமன் நாலரை அங்குலம். விழுந்த பகுதி ஒன்பதடி. அஸ்திவாரம் இல்லை.

அளந்துகொண்டிருக்கும்போது சங்கத்துச் செயலாளர் வந்தார். சந்தின் அந்தப் பக்கம் அவர் இறக்கி வைத்திருந்த புதுச் செங்கற்கள் இருந்தன. உதவி ஆய்வாளர் வட்டக்காரருக்குப் போன் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“சார், உங்க குப்பை வண்டி ஒரு சுவரை இடிச்சிருக்கு.”

“எந்தச் சுவர்? அங்க சுவரே இல்லையே. நான் எழுத்து மூலமாக் குடுத்திருக்கேன்.”

“இல்லாத சுவர் எப்படி சார் விழும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். இல்லாததை என் வண்டி எப்படி இடிக்கும்?”

செயலாளர் இடையில் புகுந்து, “என்ன சார் இல்லை? ஆறு வருஷமா நிக்குது! ஆறடி உசரம்! போட்டோ வெச்சிருக்கேன், புகார்லயே எழுதியிருக்கேன்!” என்று சத்தம் போட்டார்.

“ஆறு வருஷமா அனுமதி இல்லாமயா?” என்று போனிலிருந்து வட்டக்காரரின் குரல் வந்தது.

செயலாளர் குரலைத் தாழ்த்தி, விழுந்த பகுதியை இன்றைக்கே கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். இல்லாத சுவரைப் பழுது பார்க்க முடியாது, புதுச் சுவருக்குத்தான் மனுப் போட வேண்டும், மனுவில் அது பொதுத் தெரு என்று குறிப்பிட வேண்டியிருக்கும் என்று வட்டக்காரர் விளக்கினார். மரியாதையாகத்தான் சொன்னார்.

“ரெண்டு பேரும் பேசி, இருக்கா இல்லையான்னு ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நான் பார்த்ததை வரையறேன்” என்று சொல்லி உதவி ஆய்வாளர் போனை வைத்தார். பிறகு ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து வரைந்தார். எங்கள் சந்து, என் வீடு, பள்ளி, நடுவில் ஒரு தடித்த கோடு, அதில் ஒன்பதடிக்கு மட்டும் புள்ளிக்கோடு. தடித்த கோட்டின் மேல் ‘சுவர்’ என்று எழுதினார். அரசாங்கத்தார் கையால் அந்தச் சுவர் ஒரு தாளில் ஏறியது அதுவே முதல் தடவை. எழுத்தரிடம் இரண்டு முறை கேட்டு இதை உறுதி செய்துகொண்டேன்.

இந்த வழக்கில் எனக்கு என்ன வேண்டும் என்று உதவி ஆய்வாளர் கடைசியாகக் கேட்டார். அந்த மாதிரி வரைபடத்துக்கும் செயலாளரின் புகாருக்கும் சான்றிட்ட நகல் ஒவ்வொன்று வேண்டும். அவற்றை மூன்றாவது மனுவோடு இணைப்பேன். சுவர் உண்டு என்று முடிவானால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று கிலோமீட்டர் இருநூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. எங்களுக்குப் புதுப் பள்ளி தர வேண்டும். சுவரை இடித்ததாக என்மேல் வழக்குப் போடுவதானால் போடட்டும்; அப்போதும் சுவர் உண்டு. சுவர் இல்லை என்று முடிவானால் என்மேல் வழக்கு இல்லை, வழியை யாரும் அடைக்கவும் கூடாது. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்ததுதான் இத்தனை நாள் சங்கடம். செங்கற்கள் இன்னும் அங்கேயே அடுக்கியிருப்பதால் முடிவு சீக்கிரம் வேண்டும். தங்கை மகள் இன்றோடு நான்காவது நாளாகப் பள்ளிக்குப் போயிருக்கிறாள்.

மேலே எழுதியதை எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னதில் விட்டதும் இல்லை, சொல்லாததில் சேர்த்ததும் இல்லை. ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். முதல் பக்கத்தில் என் முகவரி பென்சிலில் இருக்கிறது. மாதிரி வரைபடம் பேனாவில் இருக்கும்போது முகவரி மட்டும் பென்சிலில் இருப்பது பொருந்துமா என்று கேட்டேன். எழுத்தர் உதவி ஆய்வாளரைப் பார்த்தார். அவர் வரைபடத்தை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு, “எழுதிடுப்பா” என்றார். சுவருக்குத் தெற்கே, நான்காவது சந்து, கடைசி வீடு என்று பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவால் எழுதப்பட்டது. ஓரத்தில் உதவி ஆய்வாளர் சுருக்கொப்பம் வைத்தார்.

இது என் மனமறிந்து, யாரும் தூண்டாமல் சொன்ன உண்மை.

(ஒப்பம்)
டேப் அக்கா

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. முகவரியில் ஒரு திருத்தம், என்னால் சரிபார்க்கப்பட்டது.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்